ஹவுரா மீன் சந்தையும் விரைவுச் சோதனைகளின் சரிபார்ப்பும்

ஹவுரா ரயில் நிலையத்தை அடுத்த மொத்த மீன் சந்தைக்கு, ஆந்திரத்தின் ரோகுவும் கட்லாவும் பனிக்கட்டியில் புதைந்தபடி லாரிகளில் வந்திறங்கி, ஏலம் போன சில மணி நேரத்திலேயே கொல்கத்தாவின் அடுக்களைகளை அடைந்துவிடுகின்றன. அம்மீனில் நோய்க்கிருமி உண்டா என்பதை மரபான வளர்ப்பு முறையில் உறுதிசெய்யவோ பல நாள்கள் தேவைப்படுகின்றன. 25 கிராம் மீன் தசையை, உப்பும் காரத்தன்மையும் கொண்ட பெப்டோன் நீரில் இட்டுக் கிருமிகளைப் பெருகச் செய்து, பின்னர் டிசிபிஎஸ் என்னும் வளர்ப்பு ஊடகத் தட்டில் தீற்றினால், காலரா கிருமி மஞ்சள் நிறத்திலும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சை நிறத்திலும் திட்டுத்திட்டாக வளர்கின்றன. நிறம் ஐயத்தை எழுப்புமே தவிர முடிவைச் சொல்லாது என்பதால், மேலும் சோதனைகள் தொடர்கின்றன. கிருமியின் மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் படியெடுத்துக் காட்டும் பிசிஆர் முறை இக்காத்திருப்பைப் பெருமளவு குறைக்கிறது.

ஆனால் அந்த விரைவான விடையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்குக் கொல்கத்தாவின் அனுபவமே சிறந்த பாடம். கடல்நீரை விரும்பும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் இந்நகரின் நன்னீர் மீன்களிலும் காணப்படுவதை 1985இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. 1996 பிப்ரவரியில், பேலேகாட்டாவிலுள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனத்தின் கண்காணிப்பில், ஓ3:கே6 எனப்படும் அக்கிருமியின் புதிய வகை நோயாளிகளிடம் திடீரெனப் பெருகியிருந்தது தெரியவந்தது. 1998இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிப்பிகள் வரை அவ்வகை பரவியது. அதை இனங்காண, நச்சு மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் டாக்ஸ்-ஆர்எஸ் பகுதியின் சிறு வேறுபாடுகளைக் கொண்டு ஒரு பிசிஆர் சோதனையும், பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ் ஒன்றின் மரபணுவைக் கொண்டு மற்றொன்றும் உருவாக்கப்பட்டன. அவ்வைரஸ் மரபணு இல்லாத அதே வகைக் கிருமிகள் பின்னர் அகப்பட்டபோது, இரண்டாம் சோதனை அவற்றைத் தவறவிட்டது. இடம்பெயரும் வைரஸின் மரபணுவை அடையாளமாகக் கொண்டதன் விலை அது.

இத்தகைய தவறுகளை முன்கூட்டியே வெளிக்கொணர்வதே சரிபார்ப்பின் பணி. 2016இல் வெளியான ஐஎஸ்ஓ 16140-2 தரநிலையின்படி, புதிய முறை பொதுவாக 50 இலக்குக் கிருமி வகைகளையாவது, சால்மொனெல்லாவாயின் 100 வகைகளையாவது எதிர்கொண்டு சோதிக்கப்படவேண்டும். இலக்கல்லாத 30 வகைகள் அதை ஏமாற்றக்கூடாது. ஒரே உணவு மாதிரிகளில் வளர்ப்பு முறையோடு ஒப்பிடப்பட்ட பிறகு, பல ஆய்வகங்களிலும் அதே விடை கிடைக்கவேண்டும். மீனின் கொழுப்பும் புரதமும் பிசிஆரின் நொதியைத் தடுத்து, கிருமி இருந்தும் இல்லையெனக் காட்டச் செய்யலாம் என்பதால், வினை உண்மையில் நடந்ததைக் காட்டும் ஒரு கட்டுப்பாட்டு மரபணுத் துணுக்கு ஒவ்வொரு குழாயிலும் சேர்க்கப்படுகிறது. மறுபுறம், இறந்த கிருமியின் மரபணுவும் பெருகக்கூடும். ஆகவே முதலில் பெப்டோன் நீரில் வளர்த்து உயிருள்ளவற்றின் எண்ணிக்கையை உயர்த்தும் படியை அவசரத்தில் கைவிடுவது ஆபத்தானது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் விரைவுச் சோதனைக் கருவிகளுக்கு ஒப்புதல் அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. எனினும், வேறு நாட்டுப் பாலிலும் இறைச்சியிலும் தேறிய கருவி ஹவுராவின் கொழுப்பு மிகுந்த இலிஷ் மீனிலும் தேறும் என்று கொள்ள இயலாது. பயன்படுத்தும் ஆய்வகமே தன் உணவு மாதிரிகளில் அதை மீண்டும் நிறுவவேண்டும் என்று 2021இல் வந்த ஐஎஸ்ஓ 16140-3 கோருகிறது. அச்சோதனையில், கொல்கத்தா நோயாளிகளிடமிருந்தும் ஹவுரா மீன்களிலிருந்தும் பிரித்தெடுத்த கிருமி வகைகளும் இடம்பெறுவது இன்றியமையாதது.