காப்பியும் டம்ளரும்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)



நாம் இன்று காப்பியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன் சிலர் சிரிக்கிறீர்கள். மோட்சம், நரகம், சாஸ்திரம், புராணம் என்று பேச வேண்டியவர்கள் காப்பிக்கு வந்துவிட்டார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். மோட்சத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. காப்பியோ, இங்கு வந்திருக்கும் பெரும்பாலோர் இன்று காலையில் கண்ணால் பார்த்து வாயால் குடித்த வஸ்து. ஆகவே பார்த்ததைப் பற்றியே பேசுவோம்.

காப்பி குடிப்பது தப்பு என்று சொல்ல நாம் வரவில்லை. காலையில் அது இல்லாவிட்டால் நமக்கே பேனா ஓடாது. இந்நாட்டில் காப்பி பரவிய காலத்தில், நீராகாரமும் கூழும் மோரும் குடித்து வந்த ஜனங்களை இது கெடுத்துவிட்டதே என்று அலறியவர்கள் அநேகர். அந்த அலறல் நமக்கு வேண்டியதில்லை. அளவாய்க் குடித்து, தூக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாம் கேட்பதெல்லாம் வேறு சங்கதி.

இந்தக் காப்பி எங்கிருந்து வந்தது? முன்பு அபிசீனியா என்று சொல்லப்பட்ட எத்தியோப்பியா தேசத்து மலைச்செடி இது. அரபு நாட்டு ஏமனில் சூபி பக்தர்கள் இராத் தொழுகையில் தூக்கம் வராமலிருக்க இதைக் குடித்தார்கள். இதையே 1511-ல் மெக்காவில் ஓர் அதிகாரி மத விரோதம் என்று தடுத்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை ஏற்கவில்லை. ஒரே பானம் ஒருவருக்குப் பக்தி சாதனம், இன்னொருவருக்குப் பாபம்! நம் பக்கத்திற்கு, பாபா புதான் என்ற முஸ்லிம் பெரியவர் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டதாக ஒரு கதை உண்டு. அந்த மலைக்கே அவர் பெயர்தான். காப்பியில் கலக்கும் சிக்கரியோ ஐரோப்பாவில் பழக்கமான ஒரு செடியின் வேர்.

ஆகவே ஆப்பிரிக்காக்காரன் செடி, அரபுக்காரன் பழக்கம், ஐரோப்பியன் வேர். மலைத்தோட்டத்தில் அட்டைக் கடியில் நின்று பழம் பறித்தவர்கள் ஏழைக் கூலியாட்கள். இத்தனை பேர் கைபட்டு வந்தபோது ஒட்டாத தீட்டு, டம்ளரில் ஊற்றியவுடன் மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது?

பிரயாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்காலத்தில் ஆசாரக்காரர்கள் ரயிலேறும்போது கூஜாவில் வீட்டுத் தண்ணீரைத் திருகி மூடிக்கொண்டு போவார்கள். வெளித் தண்ணீர் நோய் தரும் என்று பயந்து செய்திருந்தால் அது புத்திசாலித்தனந்தான். ஆனால் பயமெல்லாம் நோய்க் கிருமிக்கு அல்ல, ஊற்றுகிறவன் சாதிக்கு! கிருமி சாதி பார்ப்பதில்லை. அதைக் கொல்லுவது கொதிநீர். வழியில் பச்சைத் தண்ணீரைக் காட்டிலும், நன்றாய்க் கொதிக்க வைத்த சூடான டீயும் காப்பியும் பத்திரமானவை. யார் கொதிக்க வைத்தாலும் தண்ணீர் கொதிக்கத்தான் கொதிக்கும்.

அந்நாளில் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் "பிராமணாள்" என்று ஓரிடம், "இதராள்" என்று ஓரிடம் இருந்தன. டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு ஒன்று. காப்பி குடிக்கும் இடம் இரண்டு! பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் ஓயாமல் கிளர்ச்சி செய்ததின் பேரில் 1941-ல் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. பிறகு 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டம், ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு மறுப்பதே குற்றம் என்று சொல்லிற்று.

சட்டம் சொல்லிவிட்டது, டம்ளர் கேட்டதா? சென்ற மாதம் ஓர் ஊருக்குக் கூட்டத்திற்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். நமக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. நம் பின்னால் நின்ற ஒரு பெரியவருக்கு, அவர் கேட்காமலே, காகிதக் கோப்பை வந்தது. ஏன் என்று கடைக்காரரைக் கேட்டோம். "சுத்தத்துக்காகங்க" என்றார். "அப்படியானால் எங்களுக்கு ஏன் சுத்தம் வேண்டாமென்று விட்டுவிட்டீர்கள்?" என்றோம். பதில் இல்லை. அந்தப் பெரியவரோ, "எதுக்குங்க வம்பு, நாளைக்கும் நான் இங்கதான் வரணும்" என்று சொல்லித் தள்ளிப்போய் நின்று குடித்தார். நாம் பஸ் ஏறிப் போய்விடுகிறவர்கள். அவர் அந்த ஊரிலேயே வாழ வேண்டியவர். அன்றைய கூட்டத்தில் நாம் பேசிய வீரமெல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு முன் எம்மாத்திரம்!

எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். பொதுப் பாத்திரத்தில் அப்படிக் குடிப்பது சுத்தந்தான், நாம் மறுக்கவில்லை. சுத்தம் வேண்டுமானால் எல்லா டம்ளரையும் வெந்நீரில் கழுவட்டும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் காகிதக் கோப்பையே கொடுக்கட்டும். ஆளைப் பார்த்துச் செய்யும் சுத்தத்திற்குப் பெயர் சுத்தமல்ல, அயோக்கியத்தனம்.

கடைக்காரரைத் திட்டியவுடன் கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்; இனி நம் வீட்டிற்குள் போவோம்.

அன்றிரவு ஒரு தோழர் வீட்டில் தங்கினோம். சமத்துவத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர். காலையில் நமக்கு நல்ல காப்பி வந்தது. புதுப்பொடி, கொதிநீரில் மெதுவாய் இறங்கிய முதல் டிகாக்ஷன், அப்போது காய்ச்சிய பால். குறை சொல்ல இடமில்லை. ஒன்பது பேர் குடித்தோம். பிறகு தண்ணீருக்காக அடுப்பங்கரைப் பக்கம் போனபோது பார்த்தோம். அந்த அம்மையார் அதே பொடியில் இரண்டாந்தரம் வெந்நீர் விட்டு, இறங்கிய சாயத் தண்ணீரில் மிச்சப் பாலை ஊற்றி, நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார். இதைத் தோழரிடம் சொன்னோம். "அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். காகிதக் கோப்பைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், தோழர்களே?

நாம் யோக்கியர்கள் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நம் வீட்டில் விசாரித்தோம். கலியாணமாகி இருபது வருஷமாய் அங்கும் இரண்டாம் டிகாக்ஷன்தான்! "இத்தனை நாளாக நீங்கள் கேட்டதில்லையே" என்ற பதில் வந்தது. வெட்கமாயிருந்தது. இப்பொழுது காலைக் காப்பியை நாமே போடுகிறோம். முதல் நான்கு நாள் வாயில் வைக்க முடியவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து பரவாயில்லை என்று வீட்டில் சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. கடையில் இரண்டுவிதப் பாத்திரம் கண்டால் குடிக்காமல் எழுந்து வாருங்கள். அந்த ஊர்க்காரர்களே பத்துப் பேர் சேர்ந்து எழுந்தால், அந்தப் பெரியவர் தனியே வம்புக்கு நிற்க வேண்டியதில்லை. வீட்டில் முதல் டிகாக்ஷனை எல்லோருக்கும் பங்கிடுங்கள். போதாவிட்டால் எல்லோரும் கொஞ்சம் குறைத்துக் குடியுங்கள்.

கூட்டம் முடிந்ததும் காப்பி உண்டு என்று தலைவர் சொன்னார். பின்கட்டில் அதைப் போட்டுக்கொண்டிருக்கும் தோழியர்களுக்கு நாம் பேசியதொன்றும் காதில் விழுந்திருக்காது. அவர்களை இங்கே கூப்பிட்டு உட்கார வைத்து முதலில் கொடுங்கள். நாம் பிறகு குடிக்கிறோம்.