ஏலம் முடிந்த பிறகு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பேங்கில் ரிடையரானவன் வட்டி விகிதத்தைப் பற்றித்தான் அறுப்பான் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பயப்படாதீங்க. பழைய காசு பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், ஏலத்தில் யாரும் சீண்டாத காசு.

நாணய ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் ஆரம்ப விலை உண்டு. அதற்கும் கேட்க ஆளில்லையென்றால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பல ஏலக்காரர்கள் அப்படி மிஞ்சியதைச் சில நாள் கையில் வைத்திருந்து, கேட்டு வருகிறவருக்கு ஆரம்ப விலைக்கே கொடுப்பார்கள். கமிஷனும் வரியும் உண்டு. போட்டி மட்டும் கிடையாது.

மிஞ்சியதெல்லாம் குப்பை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த லாட் வந்திருக்கும். வாங்க நினைத்தவர் முந்தின லாட்டிலேயே பையைக் காலி செய்திருப்பார். குப்பையும் இருக்கும். அதனால் ஏலத்துக்கு முன்பு பார்வைக்கு வைக்கும்போதே கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

2017-ல் சென்னையில் ஓர் ஏலம். ஒரு லாட்டில் ஐந்து செப்புக் காசுகள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானிக்காக 1808-ல் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் பக்கம் சோஹோ ஆலையில் அடித்த இருபது காசு. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே 'காஷ்'. அந்தக் காஷ் நம்ம காசுதான்! 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அன்றைய கணக்கு. இந்தக் காசுகளை ஏற்றிக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். ஆகவே இது அபூர்வக் காசு அல்ல. நல்ல நிலையில் இருந்தால்தான் மதிப்பு.

அந்த ஐந்தில் நாலைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். சேகரிக்கிறவனுக்கு வயிறு எரியும். இருநூறு வருஷத்துப் பழுப்பு போனால் போனதுதான். ஐந்தாவதை யாரும் தொடவில்லை. சிங்கத்தின் பிடரிகூடத் தெரிந்தது. ஆனால் கேட்டலாக் படத்தில் பளபளத்த நாலும்தான் எடுப்பாகத் தெரிந்தன.

ஆரம்ப விலை 3,000. யாரும் கேட்கவில்லை. நானும் வேண்டுமென்றே கை தூக்கவில்லை. மறுநாள் காலை போன் போட்டேன். "2,000-னா எடுத்துக்கிறேன் சார்."

"உரியவரைக் கேட்டுச் சொல்றோம்."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: சரி.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் பல வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். அத்தனை சீக்கிரம் சரி சொல்கிறவருக்குப் பணம் அவசரம் என்று எனக்குத் தெரியும்.

வாங்கப் போனபோது காசோடு ஒரு பழைய சுருக்குப் பையையும் கொடுத்தார்கள். வெற்றிலை வாசனை. யாரோ ஒரு அம்மா வெள்ளிக்கிழமைகளில் பூஜைச் சாமானோடு சேர்த்துத் தேய்த்திருக்க வேண்டும். ஐந்தாவது பையின் மடிப்பில் சிக்கித் தப்பியிருக்கும் என்பது என் ஊகம்.

உரியவர் யாரென்று கேட்டேன். அதைச் சொல்வது வழக்கமில்லை. முழு விலையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. "பில் போட்டாச்சு சார்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி பையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஆயிரம் ரூபாய்க்கா?"

இப்போதும் மிஞ்சிய லாட்டுகளை வாங்குகிறேன். ஆரம்ப விலைக்குக் கீழே கேட்பதில்லை.

இன்னொன்று. நூறு வருஷம் தாண்டிய காசை நாம் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் என் வகுப்புத் தோழர்கள் கவனிக்கவும்.

அந்த ஐந்தாவது காசைக் கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் பார்க்கலாம். விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் விரல் படவேண்டாம்.