வேலைக்காரர் மகன் வடித்த சிலைகள்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



சிலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றவுடன், இவன் சிலைகளைக் கண்டிக்கத்தான் வந்திருக்கிறான் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அது வேறொரு நாளைக்கு இருக்கட்டும். இன்று நான் சொல்லப்போவது சிலை செய்த ஒரு மனிதரைப் பற்றி.

அவர் பெயர் கிறிஸ்டியன் டானியல் ரௌக். 1777-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி ஜெர்மனியில் ஆரோல்சன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். வால்டெக் என்ற குட்டி சமஸ்தானத்தின் அரண்மனை அவ்வூரில்தான் இருந்தது. அந்த அரண்மனையில் எடுபிடி வேலை செய்தவர் அவருடைய தகப்பனார். பையன் பக்கத்து ஊரிலும், பிறகு காஸல் நகரத்திலும் சிற்பிகளிடம் தொழில் கற்றான். தொழில் கைக்கு வருகிற சமயத்தில் தகப்பனார் இறந்துபோனார். குடும்பத்திற்குச் சோறு வேண்டுமே! உளியைக் கீழே வைத்துவிட்டு, 1797-ல் பெர்லினுக்குப் போய் பிரஷ்ய அரண்மனையில் சேவகனாகச் சேர்ந்துகொண்டார். அப்போது வயது இருபது.

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். தகப்பன் செய்த வேலையே மகனுக்கும் வந்து வாய்த்துவிட்டது. "பார்த்தீர்களா, பிறவிக்கு ஏற்ற தொழில்தான் அமையும்" என்று சொல்ல எந்த தேசத்திலும் ஆள் உண்டு. ஆனால் அந்தச் சேவகர் ஏழு வருஷம் அரண்மனையில் ஏவல் செய்துகொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்திலெல்லாம் களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கைகொடுத்தவர் ஷாடோ என்ற பெரிய சிற்பி. அவர் யார்? பெர்லினில் ஒரு ஏழைத் தையற்காரரின் மகன்! சேவகரின் கைத்திறன் கடைசியில் லூயிசா ராணியின் கண்ணிலும் பட்டது. 1804-ல் அரசர் விடுமுறை கொடுத்து, கொஞ்சம் பண உதவியும் செய்து, ரோமாபுரிக்கு அனுப்பினார்.

ரோமில் அக்காலத்துச் சிற்பிகளில் தலைசிறந்த இருவர் இருந்தார்கள். ஒருவர் இத்தாலியரான கனோவா. கல்தச்சர் குடும்பம். இன்னொருவர் டென்மார்க்குக்காரரான தோர்வால்ட்சன். மரத்தில் உருவம் செதுக்கிப் பிழைத்தவரின் மகன். பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்து அதன் அளவையும் அமைதியையும் கற்றுக்கொள்வது என்பதே அந்தக் கூட்டத்தாரின் கொள்கை. பிரஷ்யாவின் பிரதிநிதியாக அங்கிருந்த ஹம்போல்ட் என்னும் அறிஞர் ரௌக்கைத் தம் வீட்டுப் பிள்ளையைப்போல ஆதரித்தார்.

1810-ல் லூயிசா ராணி இறந்தார். வயது முப்பத்து நான்கு. கல்லறைச் சிலை செய்யும் வேலை, முன்பு அதே அரண்மனையில் கைகட்டி நின்ற ரௌக்குக்குக் கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தேவதைகள் வந்து ராணியை மோட்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் செய்யவில்லை. ஒரு பெண் அசதியில் படுத்து உறங்குகிறாள், அவ்வளவுதான். சலவைக் கல்லில் செய்த அந்தச் சிலையை இத்தாலியிலிருந்து ஏற்றி வந்த கப்பலை நடுக்கடலில் அமெரிக்கர்கள் பிடித்துக்கொள்ள, இங்கிலீஷ்காரர்கள் அதை மீட்டுக்கொடுக்க, 1815-ல் ஒருவாறு பெர்லின் வந்து சேர்ந்தது. இன்றும் அது சார்லட்டன்பர்க்கில் இருக்கிறது.

அதன் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. தளபதிகள், அரசர்கள், கவி கதே என்று எத்தனையோ பேரைச் செய்தார். ஹாலே நகரத்தில் அநாதைக் குழந்தைகளுக்கு விடுதியும் பள்ளிக்கூடமும் வைத்த பிராங்கே என்ற பாதிரியாரை, இரண்டு குழந்தைகளோடு நிற்கிறவராகச் செய்தார். பவேரியாவில் வால்ஹல்லா மண்டபத்துக்கு ஆறு வெற்றித் தேவதைகளை வடித்தார். வெற்றித் தேவதை கிரேக்கர்கள் கும்பிட்ட சாமிதான். இப்போது அதற்கு அபிஷேகமும் இல்லை, உண்டியலும் இல்லை. வருகிறவர்கள் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ரௌக்கின் உளி பெரும்பாலும் அரசர்களுக்கும் போர்த் தலைவர்களுக்குமே உழைத்தது. கூலி கொடுப்பவர்கள் அவர்கள்தானே என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுத் திருப்தி தருவதில்லை. அவருடைய மிகப் பெரிய வேலையிலும் இந்தக் குறையைப் பார்க்கலாம். பெர்லின் நகரத்தில், பிரெடரிக் அரசர் குதிரைமேல் இருக்கும் வெண்கலச் சின்னம் அது. 1840-ல் அஸ்திவாரக் கல் போட்டு, 1851-ல் திறந்தார்கள். உயரம் சுமார் பதின்மூன்றரை மீட்டர். அரசருக்கு ரோமச் சக்கரவர்த்தியின் வேஷம் போடாமல், அவர் உண்மையில் போட்டிருந்த தொப்பியும் சட்டையும் கைத்தடியுமாகச் செய்தது புத்தியுள்ள காரியம். ஆனால் பீடத்தைச் சுற்றிப் பாருங்கள். முன்னாலும் பக்கங்களிலும் வாள் பிடித்த தளபதிகள். தன் புத்தியைத் தானே உபயோகிக்கும்படி ஜனங்களுக்குச் சொன்ன காண்ட் எங்கே? எல்லா மதத்தாரும் மனிதரே என்று நாடகம் எழுதிய லெஸ்ஸிங் எங்கே? பின்பக்கத்தில், குதிரை வாலுக்குக் கீழே! ஊர் ஜனங்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். சிரிக்கவேண்டியதுதான். ஆனாலும் ஒரு அரசனின் சின்னத்தில், தோல் வார் தைப்பவரின் மகனான காண்ட்டுக்கு இடம் கிடைத்ததே என்பதையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அவருடைய மாணாக்கர்களில் ரீட்ஷெல் என்பவர் கையுறை தைக்கும் ஏழையின் பிள்ளை. 1853-ல் பிரௌன்ஷ்வைக் நகரத்தில் லெஸ்ஸிங்குக்குத் தனிச்சிலை செய்தவர் அவர்தான். வாலுக்குக் கீழே அல்ல, தனியே பீடத்தின்மேல்! போர்வை கீர்வை ஒன்றும் போர்த்தாமல், நாள்தோறும் உடுத்துகிற சட்டையோடு நிற்கிறார்.

ரௌக் 1857-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி டிரெஸ்டனில் இறந்தார். காண்ட்டுக்கும் ஒரு தனிச்சிலை செய்து வைத்துவிட்டுத்தான் போனார். 1864-ல் கோனிக்ஸ்பர்க்கில் அதை நிறுத்தினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் அது காணாமற்போயிற்று. அந்த ஊர் இப்போது ருஷ்யாவில் காலினின்கிராட் என்ற பெயரோடு இருக்கிறது. 1992-ல் பழைய அச்சைப்போலவே புதிதாக வார்த்து, அங்கே மறுபடியும் நிறுத்திவிட்டார்கள்.