பண்டை மகளிர் கூந்தற் கோலம்

மன்னார்க் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வார்க்கு, அரிப்பையும் சிலாவத்துறையையும் கடந்ததும் கொண்டச்சி என்னும் ஊர் எதிர்ப்படும். முசலிப் பிரிவைச் சேர்ந்த அச்சிற்றூரின் பெயரைக் கேட்டவுடன் மகளிர் முடியும் கொண்டை நினைவுக்கு வருவது இயல்பே. ஒலி ஒப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு ஊர்ப்பெயருக்கு வரலாறு கூறப் புகுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும், பெயரால் அன்றிப் பிறிதொரு காரணத்தால், கொண்டச்சிக்கும் மாதர் கூந்தலுக்கும் மிகப் பழைய உறவு ஒன்று உண்டு. அவ்வுறவை உண்டாக்கியது முத்து.

கொண்டச்சிக் குடாவுக்கு அப்பால், ஆழம் மிகாத கடலின் அடியில், முத்துச்சிப்பி விளையும் பார்கள் பரந்து கிடக்கின்றன. ஆங்கிலேயர் இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றிய புதிதில் இங்கு வந்த ராபர்ட் பேர்சிவல் என்னும் படையதிகாரி, 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கொண்டச்சியை விரிவாக வருணித்துள்ளார். ஏனைய காலத்தில் வறண்ட மணல்வெளியாகக் கிடக்கும் அக்கரை, முத்துக்குளிப்புக் காலத்தில் பல நாட்டவரும் பல மொழியினரும் பல்லாயிரக் கணக்கிற் கூடும் பெருநகராக மாறுவதைக் கண்டு அவர் வியந்தார். அவர் கூறும் செய்திகளுள் ஒன்று இங்கு நம் கருத்துக்கு உரியது. அது முத்துக்குத் துளையிடும் தொழில். மரக்கட்டையிற் குழிகள் செய்து, அவற்றில் முத்துகளை இருத்தி, வில்லாற் சுழற்றப்படும் ஊசியைக் கொண்டு கைவினைஞர் துளையிட்டனர். துளையில்லாத முத்து பெட்டியில் வைத்துப் பூட்டுதற்கே உரியது. துளையிட்ட முத்தோ நூலில் ஏறும், நூலில் ஏறியது கழுத்திலும் காதிலும் ஏறும், கூந்தலிலும் ஏறும்.

அவ்வாறு கூந்தலில் ஏறிய முத்துக்குப் பழைய சான்று ஒன்று உரோமாபுரியில் உண்டு. கி.பி. 79ஆம் ஆண்டில் மறைந்த பிளினி என்னும் பேரறிஞர், தாம் நேரிற் கண்ட காட்சி ஒன்றை எழுதி வைத்துள்ளார். பேரரசன் கலிகுலாவுக்கு மனைவியாக இருந்த லொல்லியா பவுலினா, மணவுறுதி விருந்து ஒன்றுக்கு மரகதமும் முத்தும் மாறி மாறிக் கோத்த அணிகளைத் தலையிலும் கூந்தலிலும் காதிலும் கழுத்திலும் விரலிலும் பூண்டு வந்தாள். அவற்றின் மதிப்பு 4 கோடி செஸ்தர்ஸ் நாணயம் என்றும், அதற்குரிய கணக்கேட்டைக் காட்டவும் அவள் ஆயத்தமாக இருந்தாள் என்றும் அவர் கூறுகிறார். அம்முத்துகள் எக்கடலிற் பிறந்தவை என்று அவர் சொல்லவில்லை. ஆனால், முத்து மிகுதியாக விளையும் இடங்களுள் தப்பிரபேன் தீவைச் சிறப்பித்துக் கூறுவதும் அதே நூல்தான். தப்பிரபேன் என்று யவனர் வழங்கிய அத்தீவு நம் இலங்கையே.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. அடுக்கடுக்காகச் சுற்றிய பின்னல்களையும், அவற்றின்மேல் ஏறிய மணிகளையும், அக்காலத்து மகளிர் எதனாற் பிணித்து நிறுத்தினர்? கூந்தல் அழியும் பொருள். அதைக் கோலஞ்செய்த கைகளும் அழிவன. எஞ்சுவது கற்சிலை ஒன்றே. உரோமானிய அரசியரின் சிலைகளை ஆராய்ந்தோர் பலர், அக்கொண்டைகள் பொய்ம்முடியால் அமைந்தவை என்றும், கொண்டை ஊசியாற் குத்தி நிறுத்தப்பட்டவை என்றும் எண்ணினர். அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் முடியலங்காரத் தொழில் செய்த ஜெனட் ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் அவர்.

2001ஆம் ஆண்டில் அவ்வம்மையார் அந்நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சென்றிருந்தார். அங்கே ஜூலியா டொம்னா என்னும் பேரரசியின் சிலை, சுவரை ஒட்டாமல் நாற்புறமும் சுற்றிப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அறிஞர் முகத்தைப் பார்ப்பர். தொழிலாளியின் கண் பின்புறத்தைத் தேடும். பின்கொண்டையின் அமைப்பைக் கண்ட அம்மையார் இல்லம் திரும்பி, அதைத் தம் கையாற் செய்து பார்க்க முயன்றார். கொண்டை ஊசி ஒன்றும் அதைத் தாங்கவில்லை. பின்னர் இலத்தீன் நூல்களை ஆராய்ந்தபோது, கொண்டை ஊசி என்று மொழிபெயர்க்கப்பட்டு வந்த சொல்லுக்குத் துணி தைக்கும் ஊசி என்ற பொருளும் உண்டென்று அறிந்தார். ஊசியில் நூலைக் கோத்துப் பின்னலோடு பின்னலைத் தைத்தார். கொண்டை அசையாது நின்றது. இம்முடிவை 2008ஆம் ஆண்டில் உரோமானியத் தொல்லியல் ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வெளியிட்டார். நூல்களை மட்டுமே கற்றோர் நெடுங்காலம் தவறவிட்ட ஒன்றைக் கைத்தொழில் கற்றவர் கண்டுகொண்டார்.

இச்செய்தி மேல்நாட்டார்க்குப் புதுமையாக இருந்திருக்கலாம். தமிழ்ப் பெண்டிருக்கு இதிற் புதுமை என்ன? சடைக்குப் பூத் தைத்தல் என்பது நம் இல்லங்களில் வழங்கிய தொழில் அன்றோ! திருமணத்துக்கும் பூப்பு நன்னீராட்டுக்கும் பெண்ணை அமர்த்தி, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, முப்பிரி பின்னி, நீளம் போதாவிடிற் சவரி சேர்த்து, நுனியிற் குஞ்சம் கட்டி முடித்த பின்பே ஊசி கையில் எடுக்கப்படும். மல்லிகை முழுதும் மலர்ந்திருத்தல் கூடாது. மொட்டாகவே கொய்தல் வேண்டும். காம்பிலே ஊசி நுழைந்து, பின்னலின் பிரிகளுக்கு இடையே புகுந்து, மறுபுறம் வெளிப்பட வேண்டும். நூல் முடியைக் கவ்வினாற் பெண் தலையசைக்குந்தோறும் வலிக்கும். பிரியின் இடைவெளியில் மட்டும் சென்றால் வலியில்லை. ஒரு வரிசை முடிந்த பின்னரே அடுத்த வரிசை. தாழம்பூவாயின் வெளிமடலை நீக்கி, இளமடலை நறுக்கி மடித்துத் தைப்பர். தைப்பவளுக்குப் பொறுமை வேண்டும். அமர்ந்திருப்பவளுக்கு அதனினும் மிகுந்த பொறுமை வேண்டும். பிற்காலத்தார் வாழைமட்டையிலோ தடித்த தாளிலோ பூவைத் தைத்துச் சடைமேற் கட்டிவிடும் எளிய வழியைக் கண்டனர். காலம் மிச்சமாயிற்று. ஆனால், பிரிகளுக்கிடையே ஊசி செல்லும் வழியை அறிந்த கைகளின் தொகையும் அத்துடன் குறைந்தது.

இனி, இலக்கியம் கூறுவதைக் காண்போம். தமிழிற் கூந்தலுக்கு வழங்கும் சொற்கள் பல: ஓதி, கதுப்பு, கூழை, குழல், அளகம், முச்சி என அவை நீளும். மகளிர் கூந்தலை ஐம்பால் என்பது பழைய மரபு. ஐவகையாக முடிக்கப்படுதலின் அப்பெயர் பெற்றது என்பர். அவ்வைந்தும் யாவை என்னுமிடத்தில் ஒருமித்த கருத்து இல்லை. முடி, குழல், தொங்கல், பனிச்சை, சுருள் என்பார் ஒரு சாரார். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பார் மற்றொரு சாரார். பெயர்கள் நிலைத்தன, ஆனால், பனிச்சை முடிப்பவளின் விரல் முதலில் எப்பக்கம் திரும்பிற்று என்பதை எந்த நிகண்டும் சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இதனினும் விரிந்த செய்தி தருகின்றது. கோவலனின் ஊடல் தீர்க்க மாதவி ஒப்பனை செய்துகொள்ளும்போது, பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிற் கூந்தலைக் கழுவி, அகிற்புகையால் உலர்த்துகிறாள். அப்பொருள்கள் இன்னின்னவை என்று அடியார்க்குநல்லார் தம் உரையில் வகுத்துக் கூறுகிறார். அவ்வுரை நம் கைக்குக் கிட்டியது எவ்வாறு? செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் அதனை அச்சேற்றியமையால் அன்றோ! ஏட்டில் இருந்ததைக் காக்க ஒரு பதிப்பாசிரியர் வாய்த்தார். ஏட்டில் ஏறாது, கையிலே மட்டும் இருந்த கலைக்குப் பதிப்பாசிரியர் யார்?

சிற்பம் ஓரளவுக்கு அப்பணியைச் செய்தது. பொலனறுவையில் 1907ஆம் ஆண்டையொட்டி அகழ்ந்தெடுக்கப்பட்ட சைவத் திருமேனிகள் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. சோழர்கால மரபில் வந்த செப்புத் திருமேனிகள் வீதியுலா எழுந்தருளுதற்கென்றே வார்க்கப்பட்டவை. முன்னின்று தொழுவாரும் பின்தொடர்ந்து வருவாரும் காணுமாறு, அவற்றின் பின்புறமும் முன்புறத்தைப் போன்றே முற்றுப்பெற்றிருக்கும். மகுடத்தின் கீழே பிடரியிற் சுருள் சுருளாக வீழ்ந்த குழலை அங்கே காணலாம். ஆண்டாள் திருமேனியிலோ ஒருபுறம் சாய்ந்த கொண்டை காணப்படும். இவை உருவத்தைக் காட்டுவன. செய்முறையைக் காட்டுவன அல்ல. செய்முறை வாழ்ந்தது ஆட்ட மகளிரின் மரபிலே. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடைநாகம், குஞ்சம் என்னும் தலைச்சாமான்களை எவ்வரிசையிற் பூட்டுவது, எந்நூலாற் பிணிப்பது என்பது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி வந்தது. ருக்மிணிதேவி 1935ஆம் ஆண்டில் மேடையேறி, அடுத்த ஆண்டிற் கலாக்ஷேத்திரத்தை நிறுவியபோது, மேடைக்கு வந்தது ஆட்டம் மட்டுமன்று; அவ்வாட்டத்துக்குரிய கூந்தற் கோலமும் புதிய தலைமுறைக்குப் பாடமாயிற்று. கற்பிப்பார் ஒருவர் இருந்தமையால் அது பிழைத்தது.

இவ்விடத்திற் கொண்டச்சிக்கு மீள்வோம். முத்துக்குளிப்பு 20ஆம் நூற்றாண்டில் ஓய்ந்துபோயிற்று. அதன் பின்னும் ஊர் இருந்தது; ஊரில் மகளிர் இருந்தனர்; அவர்தம் இல்லங்களில் மணப்பெண்ணைக் கோலஞ்செய்யும் வழக்கமும் இருந்தது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். முசலிப் பகுதியினரும் அவர்களுள் அடங்குவர். புத்தளப் பகுதியில், ஓலைக் கொட்டில்களில், ஒரு தலைமுறையே வளர்ந்தது. இம்மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் போர்க்காலத்தில் மடுவிலும் தமிழகத்து முகாம்களிலும் தங்க நேர்ந்தது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்பே மக்கள் படிப்படியாக மீண்டனர். கையிற் கொண்டு சென்றது சிறிது. விட்டுச் சென்றது பெரிது. வீட்டையும் கிணற்றையும் இழந்தவர்க்குக் கொண்டையின் கதை ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டே. வீட்டைக் கட்டக் கொத்தனாரை அழைக்கலாம். பாட்டி தன் பேர்த்தியின் தலையில் விரலால் எழுதிய பாடத்தை வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து தர இயலாது.

பழைய நிழற்படங்களை நம்பலாமோ எனின், எஞ்சியவை சில. அவையும் முகத்தையே காட்டுவன. முக்காடு அணியும் மரபில் வந்த மகளிரின் கூந்தற் கோலம் ஊரார் பார்வைக்கு உரியதன்று. அது இல்லத்தின் உட்செல்வம். ஆகவே, அதைக் காக்கும் வழியும் அம்மரபின் நாணத்துக்கும் மதிப்புக்கும் இசைந்ததாக இருத்தல் வேண்டும்.

அவ்வழி அரிதன்று. பள்ளிச் சிறுமியர் தம் இல்லத்து மூதாட்டியரிடம் அமர்ந்து கேட்கலாம். கோலத்தின் பெயர் யாது, எத்தனை பிரி, எண்ணெய் யாது, பூ யாது, முதலிற் செய்வது எது, இறுதியிற் செய்வது எது, அவிழ்க்கும்போது எந்த நூலை முதலில் அறுப்பது என்று வரிசையாக எழுதலாம். நிழற்படம் வேண்டுவதில்லை, தும்பினாற் பொம்மைத்தலை ஒன்று செய்து, அதிற் பின்னிப் பார்த்து, முன்னும் பின்னும் இரு பக்கமும் ஆக நான்கு படம் வரைந்தாற் போதும். மூதாட்டி முன்னிலையிலேயே பின்னிக் காட்டித் திருத்தம் பெறுவது இன்றியமையாதது. ஏனெனில், சொல்லும்போது மறந்த ஒன்றை, பிழையாகப் பின்னிய பிரியைக் கண்டவுடன் அவர் கை தானாக நினைவுகூரும். இவ்வாறு எழுதிய ஏடு ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்று இருக்குமாயின், பிற்காலத்தார் நம் மகளிரின் கோலத்தை அறியக் கற்சிலையின் பின்புறத்தைத் தேடி அலைய வேண்டியிராது.

பால்டிமோர் அம்மையாருக்குக் கேட்டறிய ஓர் உரோமானிய மூதாட்டி இல்லை, கல்லிடமே கேட்டார். நம் ஊர்களில், கேட்டால் விடை கூறுவார் இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நன்று.