பிள்ளைகள் அறிந்த நீதி
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)

 

பள்ளிப் பிள்ளைகளின் நீதியுணர்வைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். அடிதடியில் இறங்கும் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது சரிதானா என்று எண்ணிப் பார்ப்போம்.

2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வள்ளியூர்ப் பள்ளியொன்றில் 12ஆம் வகுப்புப் பயின்ற நம் சமுதாய மாணவர், உடன் பயின்றோரின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குச் செல்லாதிருந்தார். காரணத்தை ஆசிரியரிடம் கூறினார். அதன்பின் மாணவர் சிலர் அரிவாளோடு வீடு புகுந்து அவரை வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார்.

வெட்டுவது தவறு என்று அவர்களுக்குத் தெரியாதா? எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவர் வழிவந்தோரும் சிறு பிள்ளைகளிடம் இரண்டு விதமான கேள்விகளைக் கேட்டனர். பள்ளியின் ஒரு வழக்கத்தை மீற ஆசிரியரே அனுமதித்தால் மீறலாமா? "மீறலாம்" என்றனர் பிள்ளைகள். ஆசிரியர் அனுமதித்தால் இன்னொரு பிள்ளையை அடிக்கலாமா? "கூடாது, அவனுக்கு வலிக்கும்" என்பதே பெரும்பாலோர் விடை. வழக்கம் வேறு, தவறு வேறு என்பதை 4 வயதுப் பிள்ளைகூட அறியும்!

அவ்வாறாயின் அந்த அறிவு பின்னர் எங்கே மறைகிறது? மறைவதில்லை. அதற்கு விலக்குகள் கற்பிக்கப்படுகின்றன. "அடிப்பது தவறுதான், ஆனால் அவனுக்குத் திமிர் அதிகம், அவன் நம் ஆள் இல்லை" என்று மனச்சான்றை உறங்க வைக்கும் சாக்குகளை ஆல்பர்ட் பாண்டுரா என்ற அறிஞர் விரிவாக எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் இச்சாக்குகளைத் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருவது சாதி. தவறு ஒன்றை வழக்கம் என்று பெயரிட்டுப் பிள்ளையின் கையில் கொடுப்பதே அதன் வேலை. சிறுவர் அம்பேத்கர் வகுப்பின் மூலையில் தம் சாக்குத் துணிமேல் அமர்ந்தார். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்தாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. அங்கே எவரும் கை ஓங்கவில்லை. ஆயினும் பார்த்திருந்த பிள்ளைகள் அனைவரும் ஒரு கொடுமையை வழக்கமாகக் கற்றுக்கொண்டனர்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவர் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை ஆசிரியர் அறுக்கலாம்; மனத்திலுள்ள கயிற்றை யார் அறுப்பது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் பல மாவட்டத்து மக்களை இப்பகுதிக்குக் கொண்டுவந்தன. அவர்தம் பிள்ளைகள் இன்று ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். ஊர்ப் பழக்கம் அப்பெஞ்சுவரை வராமல் காப்பது நம் அனைவரின் கடமை.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். வீட்டில் அடிபட்டு வளரும் பிள்ளை, தற்செயலாக இடித்தவனையும் வேண்டுமென்றே இடித்தான் என்று கருதக்கூடும் என்பதை 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. வீட்டில் அதைத் தடை செய்ய வேண்டியவர்கள் நாமே.

நம் பிள்ளை அடித்துவிட்டு வந்தால் சாக்குச் சொல்லித் தராதீர்கள். நம் பிள்ளை அடிபட்டு வந்தால் "பொறுத்துப் போ" என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், தனக்கு நேர்ந்தது தவறன்று, வழக்கமே என்று நாமே அவனுக்குக் கற்பிக்கிறோம். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். சாதிக் கொடுமையானால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. இளைஞர்களே, முறையீடு எழுதத் தெரியாத பெற்றோர்க்கு எழுதிக் கொடுங்கள். முறையிட்ட பிள்ளை தனித்து நிற்காதபடி துணை நில்லுங்கள். நாங்குநேரி நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

வெட்டுப்பட்ட அந்த மாணவர் 2024இல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினார். அவருடைய உறுதி நம் பிள்ளைகளுக்கும் வரட்டும். அவர் பட்ட துன்பம் எந்தப் பிள்ளைக்கும் வராதிருக்கட்டும்.