பாண்டி பஜாரில் நடப்பவருக்கும் பங்கு உண்டு!

(தி.நகர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

2019 நவம்பர்ல பாண்டி பஜார் அகல நடைபாதை திறந்தப்போ, வாசல்ல கார் நிக்கலைன்னா வியாபாரம் படுத்துடும்னு சிலர் பயந்தாங்க. இன்னைக்கு சாயங்காலம் போய்ப் பாருங்க, உட்கார பெஞ்சுல இடம் இருக்கான்னு!

ஒரு கார் நிக்க 5 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் வேணும். அதுல நாலு பூக்காரம்மா பிழைக்கலாம். ஆனா 2013ல அந்த மாதிரி வியாபாரிகளைத்தானே வளாகத்துக்குள்ள அனுப்பினாங்க? காரை யாரும் அனுப்பலையே!

தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கு. தெருவில் நிறுத்தினால் அதைவிடக் கட்டணம் கூடுதலா இருக்கணும். அந்தப் பணம் அதே தெருவின் கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் வரணும். மாநகராட்சியிடம் நாம் கேட்பது இதுதான்.