பஞ்சாங்கத்தோடு போன கடிதம்



திறமையும் உரிமையும் கடவுள் தந்தவை என்பதை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதை உரசிப் பார்த்த ஒரு கறுப்பின விவசாயியின் கதை இது. அமெரிக்காவின் மேரிலாந்தில் புகையிலை பயிரிட்டவர் பெஞ்சமின் பேனக்கர். அடிமையாகப் பிறக்காதவர். இளவயதிலேயே மரச் சக்கரங்களைச் செதுக்கிக் கடிகாரம் செய்தார். ஐம்பதைக் கடந்த பிறகு, அக்கம்பக்கத்து எலிகாட் குடும்பத்தார் இரவல் தந்த புத்தகங்களையும் தொலைநோக்கியையும் வைத்துத் தாமே வானியல் கற்றார்.

1791 ஆகஸ்ட் 19 அன்று தாமஸ் ஜெபர்சனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஜெபர்சன் அப்போது வெளியுறவுச் செயலர். மனிதர் எல்லோரும் சமம், படைத்தவனே அவர்களுக்குப் பறிக்க முடியாத உரிமைகளைத் தந்தான் என்று 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவர். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவரும் அவரேதான்!

பேனக்கர் பணிவாகத்தான் தொடங்கினார். பிறகு விடவில்லை. நம் எல்லோருக்கும் தந்தை ஒருவரே, ஒரே விதமான ஆற்றல்களையே அவர் தந்தார் என்றவர், ஜெபர்சனின் பிரகடனத்தை ஜெபர்சன் முன்னாலேயே எடுத்து வைத்தார். என் சகோதரர்களைப் பலவந்தமாக அடைத்து வைத்திருக்கிறீர்களே என்று இடித்துக் கேட்டார். தாம் கணித்த 1792-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் பிரதியையும் உடன் அனுப்பினார்.

ஆகஸ்ட் 30 தேதியிட்டு மரியாதையான பதில் வந்தது. கறுப்பினத்தவருக்கும் இயற்கை சமமான திறமை தந்திருப்பதற்கு இத்தகைய சான்றுகளைக் காணவே விரும்புவதாக ஜெபர்சன் எழுதினார். பஞ்சாங்கத்தைப் பாரிஸுக்கு, அறிவியல் கழகச் செயலாளர் கொந்தோர்சேவுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். தம் அடிமைகளை விடுவிப்பதாக ஒரு சொல் இல்லை.

கேட்டது உரிமை, பேசப்பட்டது திறமை. அப்படியானால், கிரகணம் கணிக்கத் தெரியாத கறுப்பு உழவனைப் படைத்தவன் வேறு யாரோவா?

ஜெபர்சனுக்கு இது புரியாமலில்லை. 1809-இல் பிரெஞ்சுப் பாதிரியார் கிரெகுவாருக்கு எழுதியபோது, திறமை உரிமைக்கு அளவுகோல் ஆகாது, நியூட்டன் பேரறிவாளர் என்பதற்காக அடுத்தவர் உடலுக்கோ உடைமைக்கோ எஜமானர் ஆகிவிடவில்லை என்று அவரே வாதிட்டார். அதே ஆண்டு இன்னொரு நண்பரிடம், பேனக்கரின் கணக்குகளில் எலிகாட்டின் கை இருக்குமோ என்று சந்தேகம் கிளப்பினார். பேனக்கர் 1806-இலேயே இறந்துவிட்டார். எழுந்து வந்தா பதில் சொல்வார்?

பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று ஜெபர்சன் காலமானார். உயிலில் ஐந்து அடிமைகளுக்கு விடுதலை எழுதியிருந்தார். 1827 ஜனவரியில், 130 பேர் விற்பனைக்கு என்ற விளம்பரத்தோடு அவரது மான்டிசெல்லோ பண்ணையில் ஏலம் நடந்தது.